ஏழாக அறுத்த கணக்குப் புத்தகம்

பத்தாங் கிளாஸ் பரிட்சைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்ட ஆள் இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல என்னிடம் வேறு நிறைய இருக்கிறது. எங்கள் ஊரில் முதல் மச்சு வீடு என்னுடையது. முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ என்னுடையது. படித்தது ரெண்டாங் கிளாஸ், அதிலும் பாதி வருஷம் வாத்தியார் வரவில்லை. அப்படியிருந்தும் பதினெட்டு வருஷம் ஊருக்குத் தலைவராக இருந்தேன். படித்தவர்கள் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் என் பேரைச் சொல்லித்தான் படகு கேட்பார்கள்.

எங்கள் ஊர் பழவேற்காட்டுக்கு எதிர்க்கரை, நடுவில் ஏரி. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓட்டமுள்ள இடம் தங்கம். நாலு கோல் தள்ளிப் போனால் வெறும் பாசிதான். அதனால் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு அது எனக்கு. அடுத்தவன் பாடு நாளில் எவனாவது வலை போட்டால் வலை பறிமுதல், அந்த சீசன் முழுக்க அவனுக்குப் பாடு கிடையாது. உன் பாடு நாளில் காய்ச்சல் வந்ததா, காற்று அடித்ததா, போனது போனதுதான். ஊரில் சாவு விழுந்தால் மட்டும் ரெண்டு நாள் யாருக்கும் பாடு இல்லை, ஏரி சும்மா கிடக்கும்.

இந்தச் சட்டத்தை நான் காப்பாற்றின மாதிரி யாரும் காப்பாற்றவில்லை. என் சொந்தத் தம்பியின் வலையையே பறித்து ஊர்ப் பந்தலில் போட்டவன் நான். அவன் இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் கை நனைக்காமல் போவான்.

இப்போது பரிட்சைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து ஏழு பிள்ளைகள் பத்தாவது. ஐந்து பையன்கள், ரெண்டு பெண்கள். ஒருத்தி என் மகள். பள்ளிக்கூடம் பழவேற்காட்டில், காலையில் படகில் போய் சாயங்காலம் படகில் வருவார்கள். பொங்கல் கழிந்து கணக்கு வாத்தியார் ஏழு பேருடைய அப்பன்களையும் கூப்பிட்டு விட்டார். போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சு எங்கள் அளவுக்குச் செய்ததில்லை. முட்டி இடித்தது.

"ஏழு பேருக்கும் கணக்கு வராது. பாஸ் பண்ணணும்னா வழி ஒண்ணுதான். செய்முறை வடிவியல்ல ஒரு கேள்வி, வரைபடத்துல ஒரு கேள்வி கண்டிப்பா வரும். அதப் போட்டாப் பொழச்சிக்குவாங்க. பொன்னேரியில கைடு விக்குது, ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க. வீட்ல கொஞ்சம் ஒத்தாசையா இருங்க" என்றார் வாத்தியார்.

நான் எழுந்தேன். நான் எழுந்தால் பேசாமல் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஏழு இன்னா சார், எழுபது வாங்கினு வரேன். நான் இருக்கசொல்ல ஒருத்தரும் பொன்னேரி போவ வேணாம்."

என் மச்சான், அதாவது என் பெண்சாதியின் அண்ணன், பக்கத்து பெஞ்சில் இருந்தான். அவன் பையனும் பத்தாவதுதான். "ம்ம், வாங்கினு வா மாப்ள. பாக்கலாம்" என்றான்.

அந்த 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்னொன்றும் சொல்லி வைத்தேன். "என் பொண்ணு பெயிலாவாளா? அப்படி ஆனா அன்னியோட படிப்பு நின்னுது. நானே இறால் கூடைய எடுத்து அவ தலையில வெப்பேன். இது சபையில சொல்ற வார்த்தை."

வீட்டுக்கு வந்து மகளிடமும் சொன்னேன். அவளுக்குப் பொன்னேரியில் பதினொண்ணாவது சேர வேண்டும் என்று ஒரே ஆசை. "நான் பெயிலாவறதுக்கு நீ எதுக்கு நைனா சபையில வார்த்த குடுத்த?" என்றாள். ஊக்கம் கொடுப்பதென்றால் என்னவென்று அந்த வயசில் தெரியாது.

இறால் நன்றாக விழுந்த நேரம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மாசி பிறந்த பிறகுதான் பொன்னேரி போனேன். புத்தகக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப வந்து கேக்கறியே நைனா. எல்லாம் போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதுவும் அட்டை கிழிஞ்சது."

அப்போது பொன்னேரியில் ஜெராக்ஸ் கடை வரவில்லை. அந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். எழுபது வாங்குகிறேன் என்று சொன்ன வாய். மச்சான் முகம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரிந்தது. வேறு ஒருத்தனாயிருந்தால் வழியிலேயே இறங்கி ஓடியிருப்பான். பஸ் பழவேற்காடு வருவதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. மூளை என்பது படிப்பால் வருவதில்லை என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஊர்ப் பந்தலில் ஏழு அப்பன்களையும் கூட்டினேன்.

"ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தா இன்னா ஆவும்? பசங்க தலைமாட்டுல வெச்சிக்கினு தூங்கும். நம்ம ஏரிய நாம எப்படிப் பங்கு போட்டுக்கறோமோ, அப்படி இதையும் பாடு போட்டுக்கணும். ஏழு துண்டு போட்டா ஒரு துண்டு ஒரு வீட்ல மூணு நாளு. தன் பங்க முழுசா அரிச்சிட்டு அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும். இருபத்தோரு நாள்ல ஏழு பேரும் முழுப் புத்தகமும் முடிச்சிருப்பாங்க."

"ஏன், ஒண்ணுதான் கெடச்சுதா?" என்றான் மச்சான்.

"கெடச்சது பேச்சா இங்க? முறைதான் பேச்சு."

மீன் அறுக்கும் கத்தியை எடுத்துப் புத்தகத்தை ஏழு துண்டாக அறுத்தேன். ஒரே அளவு. கொடுவா மீனைக்கூட அவ்வளவு சீராக நான் அறுத்ததில்லை. பாதிக் கணக்கு ஒரு துண்டிலும் மீதி அடுத்த துண்டிலும் போனது உண்மைதான். ஆனால் எடையில் ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஏரிச் சட்டம் அப்படியே இதற்கும் உண்டு என்று அறிவித்தேன். அடுத்தவர் பங்கைத் தொட்டால் புத்தகம் பறிமுதல். துண்டு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. விட்டுப்போன முறை விட்டுப்போனதுதான். சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.

ஒருத்தருக்கு முன்னுரையும், பின்னட்டையும், அந்தக் கம்பெனி போடும் மற்றப் புத்தகங்களின் விலைப்பட்டியலும் விழுந்தது. பாசி இடம் விழுந்தால் ஏரியில் எப்படி வாய் பேசாமல் போவாரோ, அப்படியே எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாளும் பெண்ணை உட்கார வைத்து விலைப்பட்டியலை மனப்பாடம் பண்ண வைத்தார். அது பாடம் இல்லை என்று அந்தப் பெண் அழுதாளாம். "உன் பாடு இன்னிக்கு இதான், படி" என்றாராம். கட்டுப்பாடான மனுஷர்.

மற்ற ஒத்தாசையும் நாங்கள் குறைவாகச் செய்யவில்லை. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் ஊரில் சத்தம் கூடாது என்று உத்தரவு போட்டேன். தெருத் தெருவாகப் போய், "சத்தம் போடாதீங்க! பசங்க படிக்குது!" என்று நானே கத்தினேன். எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தும்போது என் பெண்சாதி எட்டிப் பார்த்து, "யோவ், ஊர்லயே இப்ப உன் சத்தம் ஒண்ணுதான்யா கேக்குது" என்றாள். தினமும் சாயங்காலம் மகள் எதிரில் உட்கார்ந்து அவள் படிப்பதைக் கவனித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால் சரி என்று விடுவேன். பேனா நின்றால், "இன்னா நிக்குது?" என்பேன்.

"யோசிக்கறேன் நைனா."

"எழுதிக்கினே யோசி."

எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு என் மகளுக்கு வடிவியல் துண்டு வந்த அன்றைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி. கண்ணைத் திறக்க முடியாமல் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள், படுக்கையை விட்டு எழ மொத்தம் ஏழு நாள் ஆனது. தலைமாட்டில் அந்தத் துண்டு பிரிக்காமலே கிடந்தது. நாலாம் நாள் காலையில் மச்சானுடைய பையன் வந்து நின்றான். அடுத்த பாடு அவர்களுடையது, அதுதான் கடைசிப் பாடும்.

என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். தெருவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி கொடுத்தேன். சட்டம் எனக்கும்தான். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். வடிவியல் வரவில்லை என்றால் பாஸ் இல்லை. பாஸ் இல்லை என்றால் கூடை. கூடை வைப்பேன் என்று சொன்னதும் இந்த வாய்தான்.

பரிட்சை தொடங்கியது. தமிழும் இங்கிலீசும் முடிந்தன. கணக்குக்கு முன்னால் ரெண்டு நாள் இடைவெளி இருந்தது. வாத்தியார் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தார், ஏழு பேரும் அதற்குப் போனார்கள். என் மகள் வீங்கின கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். வடிவியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெண்சாதியோ, "ஆவறது ஆவும், நீ போய் வலையப் பாரு" என்றாள். இந்த வீட்டில் பரிட்சையைப் பற்றிக் கவலைப்படுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த ரெண்டு நாளில் முதல் நாள் மத்தியானம் மச்சான் வீட்டுக்கு நானே போனேன். பதினெட்டு வருஷத் தலைவர் உதவி கேட்டு ஒரு வாசலில் போய் நின்றது அது ஒருதரம்தான். மச்சான் வலை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கூட ரெண்டு பேர்.

"வா மாப்ள. இன்னா இவ்ளோ தூரம்?"

நாலு வீடு தள்ளித்தான் என் வீடு.

"அந்த வடிவியல் துண்டு..." என்றேன்.

"எந்தத் துண்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத மச்சான்."

"தெரியும். ஆனா அது எங்க பாடு ஆச்சே. சட்டம் இன்னா சொல்லுது? நீதான போட்ட?" கூட இருந்தவர்களைப் பார்த்தான். "இவுரு சொந்தத் தம்பி வலையவே புடுங்கினவர். இவருக்குத் தெரியாததா?"

"உன் தங்கச்சி பொண்ணுய்யா அவ."

"அதான் யோசிக்கறேன்." ஊசியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தான். "நாளைக்கு முகத்துவாரத்துல உன் பாடு இல்ல? அத எனக்கு விட்டுக் குடு. துண்ட இப்பவே எடுத்துனு போ."

மாசத்துக்கு ஒருதரம் வரும் பாடு, அதுவும் இறால் ஓடுகிற நேரத்தில். ரெண்டு சாட்சி முன்னால், "எடுத்துக்கோ" என்றேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அது என்று அந்த நிமிஷம் எனக்கே தோன்றியது.

மச்சான் உள்ளே போனான். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் பெண்சாதியைத் திட்டுகிற சத்தம். வெளியே வந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"பையன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துனு பூட்டானாம்."

"துண்டு வீட்ட விட்டுப் போவக் கூடாதே" என்றார் சாட்சிகளில் ஒருத்தர்.

படகில் ஏறினோம். கேள்விப்பட்டு மற்ற அப்பன்களும் ஏறிக்கொண்டார்கள், விலைப்பட்டியல்காரர் உட்பட. அக்கரையில் பள்ளிக்கூடம் விட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் படகுத்துறையில் இல்லை. டீக்கடைக்காரர், "உங்க ஊர்ப் பசங்களா? தெனமும் படகு வர வரைக்கும் ஒல்லாந்தர் கல்லறையிலதான் இருக்கும்" என்றார். தினமும் என்பதை அவர் அழுத்தமாகவே சொன்னார்.

கல்லறை வாசலில் கல்லில் செதுக்கின ரெண்டு எலும்புக்கூடு உண்டு. அதைத் தாண்டி உள்ளே போனோம். ஒரு பெரிய சமாதிக் கல்மேல் ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புத்தகம். ஏழு துண்டும் ஒன்றாகச் சேர்ந்த முழுப் புத்தகம்.

கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கோணி ஊசியால் துளை போட்டு, நைலான் நூல் கோத்து, முடிச்சுப் போட்டிருந்தது. வலையின் அடிமடியில் போடும் முடிச்சு அது. எவ்வளவு பாரமானாலும் தாங்கும், ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்து இறால் மொத்தமும் கொட்டிவிடும். காலையில் ஏழு துண்டாக வீடுகளிலிருந்து வரும், சாயங்காலம் இங்கே ஒன்றாகும், படகு வந்ததும் ஒரு இழுப்பில் மறுபடி ஏழாகும். கடைசிச் சுருக்கை இடது பக்கம் திருப்பிப் போடுகிறவள் எங்கள் ஊரில் ஒருத்திதான். அவளைக் கட்டி எனக்கு அப்போது பதினேழு வருஷம்.

என் மகள் மட்டும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்மேல் சாக்பீசால் வட்டம் போட்டு, மச்சானுடைய பையன் சொல்லச் சொல்ல, வெளியில் ஒரு புள்ளி வைத்து வட்டத்துக்குத் தொடுகோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போனது. அழித்தாள். மறுபடி போட்டாள்.

"இவ்ளோ நாளும் படிச்சவளுக்கு இன்னுமா வரல?" என்றேன்.

"ஏழு நாளு படுத்துக் கெடந்தேனே நைனா. அப்பதான் இவங்க எல்லாரும் இதப் படிச்சாங்க. இன்னிக்கித்தான் ஆரம்பிச்சேன்."

மச்சான் தொண்டையைச் செருமினான். பையன் மாட்டிக்கொண்ட கோபம், பாடு கைக்கு வந்த சந்தோஷம், ரெண்டும் அவன் குரலில் இருந்தன. "இன்னா தலைவரே. ஏழு பேரும் அடுத்தவன் பாட்டத் தொட்டிருக்காங்க. இருபத்தோரு நாளும் தொட்டிருக்காங்க. சட்டப்படி புத்தகம் பறிமுதல். சொல்லு."

ஆறு அப்பன்களும் என்னைப் பார்த்தார்கள். பறித்தால் ஏழு பேரும் போச்சு, என் மகள் முதலில் போச்சு. விட்டால் நாளைக்கே ஒருத்தன் முகத்துவாரத்தில் திருட்டு வலை கட்டி, 'உன் பொண்ணுக்கு ஒரு சட்டமா?' என்பான். தம்பியும் கேட்பான்.

மகள் சாக்பீசைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "எடுத்துக்கோ நைனா. ஆனா இந்த ஒரு கோட்ட முடிச்சிட்டுத் தரேன்."

அவள் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தேன். வளைந்து வளைந்து எழுத்து. எனக்கு நம் எழுத்தே பாதிதான் தெரியும்.

"இதுல யாரும்மா படுத்துக்கினு இருக்கறது?"

"யாரோ ஒல்லாந்துக்காரர் நைனா. வியாபாரியாம். வாத்தியார் சொன்னார்."

"எங்க செத்தாராம்?"

"இங்கதான். பழவேற்காட்டுல."

"எப்போ?"

"முன்னூறு வருஷத்துக்கு மேல ஆவுது."

நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, சாவு வீட்டில் நிற்பது போல இடுப்பில் கட்டினேன். "நம்ம ஊர்லேர்ந்து யாராவது இவர் சாவுக்கு வந்தாங்களா?"

மச்சான், "இன்னாய்யா கேக்கற? அவன் நம்ம ஊர்க்காரனா?" என்றான்.

"நம்ம ஏரிக்கரையில செத்தவன். நம்ம பசங்கள இத்தினி நாளு மடியில உக்கார வெச்சிருக்கான். நாம ஒரு துக்கம் கூட விசாரிக்கல. தப்பு நம்முது. இன்னியிலேர்ந்து ரெண்டு நாளு ஊருக்குத் துக்கம். துக்கத்துல பாடு இல்ல, ஏரியிலயும் இல்ல, புத்தகத்துலயும் இல்ல. பாடு இல்லாதப்ப யாரும் எதையும் தொடலாம்."

"இருபத்தோரு நாளா தொட்டாங்களே, அதுக்கு?"

"செத்து முன்னூறு வருஷம். துக்கத்தப் பின்னாடியும் கணக்குப் போட்டுக்கோ."

விலைப்பட்டியல்காரர்தான் முதலில் தலையாட்டினார். நல்லது கெட்டது எது சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் மனுஷர். பிறகு ஒவ்வொருத்தராகத் துண்டை இடுப்பில் கட்டினார்கள். மச்சான் பாதி கட்டினவன் நிறுத்தினான்.

"இரு இரு. ஏரியிலயும் இல்லன்னா, நாளைக்கு நீ எனக்கு விட்ட பாடு?"

"துக்கத்துல போச்சு. போனது போனதுதான மச்சான், சட்டம்?"

என்னையே பார்த்தான். "ஒரு பாட்டக் காப்பாத்த செத்தவன எழுப்பிட்டியே மாப்ள" என்றான். பாட்டை நினைத்து நான் அதைச் செய்யவில்லை, மகளை நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அவன் அப்படிச் சொன்னபோது மறுக்கவில்லை. பாசத்தைவிட சாமர்த்தியத்துக்குத்தான் ஊரில் மதிப்பு.

ரெண்டு நாள் ஒரு படகும் ஏரியில் இறங்கவில்லை. ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை என்று பிறகு தெரிந்தது. நான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய், "கோடு வந்துச்சா?" என்று கேட்டேன். மறுநாள் மத்தியானம் மகள் அம்மாவிடம், "செத்தவரு எழுந்தாக் கூட நைனா என்னப் படிக்க வுடமாட்டாரும்மா" என்றாள். என் பெண்சாதி என்னைக் கூப்பிட்டு, பழைய வலை ஒன்றை மடியில் போட்டு, கிழியாத இடத்தில் ஒட்டுப் போடச் சொன்னாள்.

"கிழியவே இல்லையேடி."

"கிழிச்சிட்டு ஒட்டு."

முடிச்சைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் மகள் நோட்டை என் எதிரில் வைத்தாள். ஒரு வட்டம், வெளியில் ஒரு புள்ளி, அங்கிருந்து ரெண்டு கோடு. ரெண்டும் வட்டத்தை ஒவ்வொரு இடத்தில் தொட்டதோடு சரி, வெட்டவில்லை. "நல்லாக்குது" என்றேன். அவள் சிரித்தபோது கன்னம் வலித்திருக்கும், கையை வைத்துக்கொண்டாள்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு அக்கரைக்குப் போய் பேப்பர் வாங்கி வந்து பந்தலில் விரித்தேன். எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் நன்றாக வரும். ஆறு நம்பர் இருந்தது. என் மகள் நம்பர் இருந்தது. விலைப்பட்டியல் பெண்ணின் நம்பரும் இருந்தது. இல்லாத ஒன்று மச்சானுடைய பையன் நம்பர். கணக்கில் ஏழு பேரிலும் அதிகம் வாங்கியவன், இங்கிலீசில் போய்விட்டான் என்று மார்க்கு வந்தபோது தெரிந்தது.

பதினெட்டு வருஷத்தில் பந்தலில் நான் பேசாமல் எழுந்து போனது அன்றைக்குத்தான். கூடை மூலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

மகள் பொன்னேரியில் சேர்ந்தாள். நான்தான் பாஸ் பண்ண வைத்தேன் என்று பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், "ஆமா" என்றாள்.

புரட்டாசியில் அந்தப் பையனுக்கு மறுபரிட்சை வந்தது. அதற்கு முந்தின வாரம் லீவில் வந்த என் மகள் தினமும் சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போவதைப் பார்த்தேன். கையில் இங்கிலீசுப் புத்தகம். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் மச்சான் என் வாசலில் வந்து நின்றான்.

"வா மச்சான். இன்னா இவ்ளோ தூரம்?"

அவன் உட்காரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அந்த ஒல்லாந்துக்காரருக்கு... புரட்டாசியில எதனா திதி கிதி வருதா மாப்ள?"

"எந்த நாளு?"

"நாளைக்கும் நாளன்னிக்கும். அதுக்கு மறுநாள் பையனுக்குப் பரிட்சை."

பாடு முறை முழுக்க எனக்கு மனப்பாடம். நாளைக்கு முகத்துவாரம் அவனுடையது. அவனுக்கும் அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

"வருது" என்றேன்.

ரெண்டு நாளும் படகு இறங்கவில்லை.